இரைச்சல் நீக்கிய ஒலிப்பதிவு

மொழியியல் பேராசிரியர் மங்கையர்க்கரசியின் வகுப்பை இணையப் பாடமாக்கும் வேலை ஜெரால்டுக்கு வந்தது. அவர் எழுதித் தருவார். இவன் அதைக் காட்சியும் ஒலியுமாக மாற்றுவான். குழந்தைகளின் வாயில் ‘ழ’ எப்படி ‘ய’ ஆகிறது என்ற பாடத்துக்கு அவர் ஒரு பழைய ஒலிப்பதிவைக் கொடுத்தார். மின்விசிறி இரைச்சலுக்கு நடுவே ஒரு குழந்தை “வயி” என்கிறது. “வழி விடணுமா? இந்தா, போ” என்று அம்மா சிரிக்கிறாள். அந்த அம்மா அவர்தான். குழந்தை அவருடைய மகள் பொன்னி. பள்ளிக்கூடம் போகும் வயது வருமுன்பே, தலையில் வளர்ந்த கட்டியால் அவள் இறந்துபோனாள். ஆண்டுதோறும் அவர் அதை வகுப்பில் போட்டுக் காட்டுவார். மகளின் குரலைக் கேட்க அவருக்கு அது ஒரு சாக்கு.

இரைச்சலை நீக்கிய பிறகு ஜெரால்டு அவரை அழைத்தான்.

“இப்ப தெளிவா கேக்குது மேடம். பாப்பா அதுக்கு முன்னாடி இன்னொரு சின்ன வார்த்தையும் சொல்லுது. ஃபேன் சத்தத்துல அமுங்கிக் கெடந்திருக்கு.”

அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

“தய வயி” என்றாள் பொன்னி.

“இன்னொரு தடவ போடுங்க.”

போட்டான். அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“இந்த வயசுல ‘ல’வும் ‘ய’வாத்தான் வரும் ஜெரால்டு” என்றார், வகுப்பில் சொல்வது போலவே. “தல வலின்னு சொல்லியிருக்கா.”

அவன் ஒலியை நிறுத்தினான். “இத எடுத்துடலாம் மேடம். வேற கொழந்தைய வச்சுப் பதிவு பண்ணிக்கலாம்.”

“வேண்டாம். ‘ல’ பாடத்துல சேத்துருங்க.” ஹெட்போனைக் கழற்றாமலே சொன்னார். “என் சிரிப்ப மட்டும் வெட்டிருங்க.”