தேடிய இடங்கள்

ரத்தத்தில் நனைந்த சட்டையொன்று கீபோர்டின் மேல் பொத்தென்று வந்து விழுந்தது.

"உங்க முஸ்தஃபாவோட சட்டைதான், தம்பி," என்றான் புவனேஸ்வரன். "அடுத்தது அவன் விரல் வந்து விழும். சீக்கிரம் தட்டு லா."

ஹரீஷின் உதடு கிழிந்து தொங்கியது. காலையில் தீவிலிருக்கும் ஜார்ஜ்டவுனிலிருந்து ஒரே காரில் ஆபீசுக்குக் கிளம்பியவர்கள் அவனும் முஸ்தஃபாவும். கடல் பாலம் தாண்டி இறங்கியதும் மடக்கி, தலையில் கோணியைக் கவிழ்த்து, ஜுருவில் இந்தக் கார்ப் பட்டறைக்குள் தள்ளியிருந்தார்கள்.

திரும்பிப் பார்த்தால் வெட்டு. அதனால் முதுகுக்குப் பின்னால் இரும்புக் குழாய் இறங்கும் சத்தமும் முஸ்தஃபாவின் அலறலும் மட்டும்தான் அவனுக்குக் கேட்டன.

கும்பல் கேட்டது ஒரு புரோகிராம். கார்ப் பூட்டுகளைச் சோதிக்க ஹரீஷும் முஸ்தஃபாவும் வேலை பார்க்கும் ஆபீஸ் எழுதியது. சாவியே இல்லாமல் எந்தக் காரையும் திறக்கும். புரோகிராமின் மற்ற பகுதியெல்லாம் திருடியாகிவிட்டது. ஆனால் பூட்டைத் திறக்கும் 'லைப்ரரி' ஃபைல் மட்டும் ஹரீஷின் சர்வரில், அவன் பாஸ்வேர்டுக்குள். ஒரே பிரதி.

புரோகிராமை ஒன்றுசேர்த்து ஓட்டிப் பார்க்க அவன் 'பில்ட்' பட்டனைத் தட்டினான். திரை சிவந்தது.

"என்னடா இது?"

"லைப்ரரி கிடைக்கலையாம்ண்ணே. எங்கெங்க தேடிச்சுன்னு போட்டிருக்கு. 'ஜுரு'னு ஒரு ஃபோல்டர், 'சாமான்', 'ஹுஸ்னா', 'பழசு'... எதுலயும் இல்ல."

"பட்டறையில ஸ்பேனர் காணோம்னா அரை நிமிசத்துல எடுத்துருவோம். யூனிவர்சிட்டி போனவனுக்கு ஒரு ஃபைல் ஆப்படலையா?"

"லேப்டாப் யாரோடது? வேற எங்கயாச்சும் வச்சிருப்பாங்களா?"

"எங்க தவுக்கேயோடது. முதலாளி பொருள்ல வேற எவனும் கை வைக்க மாட்டான். நீ கதை பேசாம உன் பாஸ்வேர்டைப் போட்டு அதை இறக்கு."

ஹரீஷ் பாஸ்வேர்டை அடிக்கவில்லை. போன மாதம் காரைக் கொடுக்க மறுத்த ஒருவரின் மணிக்கட்டை வெட்டியதைப் புவனேஸ்வரன் சற்றுமுன்தான் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தான். லைப்ரரியைக் கொடுத்தால் இன்னும் எத்தனை கைகளோ. கொடுக்காவிட்டால் முஸ்தஃபாவின் உயிர்.

குழாய் மறுபடி இறங்கியது.

"ஐயோ! ஹரீஷ், குடுத்துருடா!" முஸ்தஃபாவின் குரல் உடைந்தது. "எனக்கு இருக்கிறது ஒரே மக. அவ முகத்துக்காகவாவது குடுத்துருடா..."

ஹரீஷின் கண்கள் கலங்கின. துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்தான். முதலில் பதற்றத்தில் ஒப்பித்த அந்தச் சிவப்பு வரிகளை இந்த முறை நிதானமாக, ஒவ்வொன்றாக வாசித்தான்.

ஒரு வரியில் கண் நின்றது.

சர்வருக்குள் நுழைந்தான். பாஸ்வேர்டை அடித்தான். ஒரே ஒரு வரி எழுதி என்டரைத் தட்டினான்.

"வந்துடுச்சா?"

"போயிடுச்சு. அழிச்சிட்டேன். இனி யாரு தேடினாலும் எங்கயும் கிடைக்காது."

புவனேஸ்வரனின் பாராங் கத்தி மேசையில் ஓங்கி இறங்கியது. பலகை பிளந்து சில்லுகள் தெறித்தன.

"கொழுப்பாடா உனக்கு? இப்ப அவனைக் கண்டந்துண்டமா வெட்டறேன். உன் காதால கேளு."

"வெட்டுங்க."

புவனேஸ்வரன் நகரவில்லை. பின்னால் அலறலும் சட்டென்று நின்றுபோயிருந்தது. ஹரீஷ் உதட்டு ரத்தத்தைப் புறங்கையால் வழித்துவிட்டு, திரும்பாமலே கேட்டான்.

"முஸ்தஃபாண்ணே, உங்க மக ஹுஸ்னா பேரு இவங்க தவுக்கேயோட லேப்டாப்புக்கு எப்படித் தெரியும்?"