சுண்ணாம்பு விழாத மரம்

இது கருவை இல்லை.

நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் வாயைத் திறக்கவில்லை.

சுண்ணாம்பு அடிக்க நுனி நசுக்கிய பனைமட்டை வாளிக்கு மேலே அப்படியே நின்றது. சுண்ணாம்பு ஒரு சொட்டு கால்விரலில் விழுந்தது.

மறுபடியும் கொப்பைத் தடவினாள்.

சீமைக் கருவை என்றால் இலைக்காம்பின் அடியில் முள் இரண்டிரண்டாக நிற்கும். கரிமூட்டத்துக்கு வெட்டி வெட்டி அவள் உள்ளங்கைக்கு அது மனப்பாடம். உடைமரத்து முள் வெள்ளையாக, ஊசிபோல நீண்டிருக்கும். நாட்டுக் கருவை பட்டையே கறுத்துக் கிடக்கும். காய்ந்த நெத்து கொலுசுபோலத் தொங்கும்.

இதில் முள் கணுவை மதிக்கவே இல்லை. குட்டையாக, கணுக்களுக்கு நடுவே, தனக்குப் பிடித்த இடத்தில் முளைத்திருந்தது.

இலையில் சாம்பல் பூத்த பச்சை.

வன்னி.

யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பினாள். திருடியதுபோல இருந்தது. சிரிப்பு வந்தது.

கண்மாய் முழுக்கக் கருவை. ஊர்ப் பெண்கள் முன்னால் போய்க் கருவைக்கெல்லாம் சுண்ணாம்பால் பெருக்கல் குறி போட வேண்டும். பின்னால் வரும் பொக்லைன் பிடுங்கும். போன வாரம் பக்கத்துக் கண்மாயில் ஒரு குலசாமி மரத்தைச் சாய்த்துவிட்டார்கள். ஊரே எந்திரத்தைச் சுற்றி உட்கார்ந்துவிட்டது. அதிலிருந்து ஓட்டுநர் ஒரே பிடியாக நிற்கிறான். ஊர்ப் பெண் கையால் சுண்ணாம்பு விழாத மரத்தைத் தொட மாட்டான்.

காலையிலிருந்து எத்தனை மரத்துக்குப் போட்டிருப்பாள். ஒன்றையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கை தானாகப் போய்வந்தது.

இந்த மரம் மட்டும் கையை நிறுத்திவிட்டது.

வன்னியை அவள் ஒரே இடத்தில்தான் அறிவாள். டவுன் கோயிலில், கம்பி வேலிக்குள். கொப்பு கொப்பாக மஞ்சள் துணி, மரத்தொட்டில். அடியில் உண்டியல். பிள்ளை இல்லை என்று ஈரச் சேலையோடு அவளையும் சுற்ற வைத்தார்கள். சுற்றும்போது மரத்தை அவள் பார்த்ததில்லை. முன்னால் போகிறவளின் குதிகாலைத்தான் பார்த்தாள். தாழ்ந்த கொப்பு ஒன்று ஒருமுறை தோளைக் கீறியது. அப்போது மட்டும் நிமிர்ந்தாள்: கணு பார்க்காத முள், சாம்பல் பூத்த இலை. அன்று ராத்திரி அந்தக் கீறலைத் தடவிக்கொண்டே கிடந்தாள்.

பிள்ளை வரவில்லை. மரத்தைத் திட்டினார்கள். அவளையும்.

இந்த வன்னியில் ஒரு நூல்கூட இல்லை.

யாரும் இதனிடம் எதுவும் கேட்டதில்லை. கருவைக் கூட்டத்துக்குள் கருவைபோல நின்று, பேர் தெரியாமலே வளர்ந்திருக்கிறது. உச்சியில் மஞ்சள் பூக்கதிர். ஒரு தேனீ.

அவளுக்குக் கூவ வேண்டும்போல இருந்தது.

"என்னடி, கருவையப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற? தாலி கட்டப் போறியா?"

அடுத்த வரிசையிலிருந்து முத்திருளாயி மதினி. பெண்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். கையை எடுக்கவில்லை.

எந்திரம் உறுமிக்கொண்டு வந்து நின்றது. வேலையை மேற்பார்க்கும் தெய்வேந்திரன் இறங்கி வந்தான்.

"அக்கா, வண்டி சும்மா நிக்குது. ஒரு பெருக்கல் போட்டு விடுங்க."

அவள் மரத்தைப் பார்த்தாள்.

"சாமி மரமாக்கா? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. வண்டியத் திருப்பிருறேன்."

ஒரே ஒரு வார்த்தை.

சொன்னால் எந்திரம் திரும்பிவிடும். சாயங்காலத்துக்குள் துணி வந்துவிடும். மறுநாள் மஞ்சள், குங்குமம். அப்புறம் கம்பி வேலி. ஈரச் சேலையோடு எவளோ ஒருத்தி, முன்னால் போகிறவளின் குதிகாலைப் பார்த்தபடி.

"சாமியெல்லாம் இல்ல தம்பி."

"அப்பக் கருவைதான? போடுங்க."

வாளி கனத்தது. வாழ்நாளில் யார் எதை நீட்டினாலும் வாங்கித்தான் பழக்கம். வேண்டாம் என்பது தொண்டைக்குள் எந்த இடத்தில் இருக்கும் என்றுகூட அவளுக்குத் தெரியாது. இப்போது தெரிந்தது. தும்மல்போல, அடக்க முடியாமல், இனிப்பாக ஏறி வந்தது.

"போட மாட்டேன்."

கத்தவில்லை. மதினி மட்டும் நிமிர்ந்து பார்த்தாள்.

தெய்வேந்திரன் மட்டைக்குக் கை நீட்டினான். ஓட்டுநர் மேலிருந்து தலையை ஆட்டினான். "நீங்க போட்டா நான் தொட மாட்டேண்ணே. அந்தக்கா போடட்டும்."

எந்திரத்தின் கை காற்றில் தொங்கியது.

அவள் வாளியை இடுப்புக்கு ஏற்றிக்கொண்டு அடுத்த மரத்துக்கு நடந்தாள். கொப்பைத் தடவினாள். இரண்டிரண்டாக முள். கருவை. அகலமாக ஒரு பெருக்கல் போட்டாள்.

"அது என்ன மரம்னாவது சொல்லிட்டுப் போங்கக்கா!"

காதில் நன்றாக விழுந்தது.

மட்டையைச் சுண்ணாம்பில் நனைத்தாள். உள்ளங்கையில் ஒழுங்கில்லாமல் மூன்று முள் தடம் சிவந்திருந்தது. விரல்களை மடக்கி மூடிக்கொண்டாள்.