சாத்தூரில் நின்ற புள்ளி

ஊர் ஜனம் பகலெல்லாம் எங்கெங்கே போய்வருகிறது என்று ஆராய, யோகேஸ்வரி தன் தெருக்காரர்கள் சிலருக்கு இடம் காட்டும் செல்போன் கொடுத்திருந்தாள். பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைக்கும் முனியராஜும் அதில் ஒருவன்.

அவன் போன் போய்வந்த இடங்களை அவள் கம்ப்யூட்டரில் காட்டிய படத்தை ஆசையாக எட்டிப் பார்த்த முனியராஜின் மனைவி சண்முகத்தாய்க்கு முகம் சுருங்கியது.

"அவுக ஏழாயிரம்பண்ணையிலல்ல வேலை பாக்காக? இந்தப் புள்ளி எதுக்குத் தாயி தினமும் சாத்தூர்ல போய் நிக்குது?"

"ஏதோ ஒரு வீட்டு வாசல்க்கா," என்றாள் யோகேஸ்வரி தயங்கியபடி.

அந்நேரம் பார்த்து முனியராஜ் வேலை முடிந்து வந்தான்.

"சாத்தூர்ல யார் வீட்டுக்குப் போயிட்டு வாறீக?"

முனியராஜ் முழித்தான். படத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டான்.

"மருந்து இருக்க எடத்துக்குள்ள போன் கொண்டுபோக விடுவாகளா? எங்களை எறக்கிவிடுற வேன் டிரைவர்கிட்ட குடுத்துட்டு, சாயங்காலம் வாங்கிக்கிடுவேன்."

சண்முகத்தாய்க்குப் போன உயிர் திரும்பி வந்தது. யோகேஸ்வரிதான் மறுபடி படத்தின் பக்கம் குனிந்தாள். அந்த வேனை ஓட்டுவது அவளுடைய தம்பி எழில்.

"மூணு வருசமா அவனுக்குப் பொண்ணு பாக்கோம்க்கா. யாரைக் காட்டினாலும் வேண்டாங்கான்."

"அந்த வீட்டைக் கொஞ்சம் பெரிசாக் காட்டு."

யோகேஸ்வரி காட்டினாள். சண்முகத்தாய் படத்தில் விரல் வைத்தாள்.

"இது எங்க சித்தி வீடுல்லா? அவ மகளும் வாற மாப்பிள்ளையெல்லாம் வேண்டாம்னுதான் சொல்லிக்கிட்டிருக்கா."