மூச்சு பார்க்கும் நூல்

“ஏனு ஜீவிதா இது? உன் நூல் பொய் சொல்லுது!” மேனேஜர் மஞ்சுநாத் கன்னடம் கலந்த தமிழில் கத்தியபடி டேப்லெட்டை மேசைமேல் போட்டார்.

ஜீவிதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு வருட உழைப்பு. நைலானில் நானோ கார்பன் துகளைக் கலந்து இழுத்த நூல். பனியனில் வைத்துத் தைத்தால், நெஞ்சு விரியும்போது நூலும் நீளும். நீண்டால் அதில் ஓடும் மின்சாரம் குறையும். அதை வைத்தே ஒருவருடைய மூச்சின் வேகத்தைச் சொல்லிவிடலாம்.

ஹெப்பாள் தொழிற்சாலையில் நூல் சுற்றும் பெண்களுக்குத்தான் முதலில் மாட்டிப் பார்த்தார்கள். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. ஆனால் தினமும் காலை டீ முடிந்த கையோடு, டேப்லெட்டில் அத்தனை பேருடைய மூச்சுக் கோடும் ஒன்றாக எகிறியது.

“நாளைக்குள்ள சரியாகலைன்னா மூட்டை கட்டிடு. வேற நூல் பார்த்துக்கலாம்.”

“வெந்நீர்ல அலசியாச்சு, முறுக்கியாச்சு, ஆயிரம் தடவை இழுத்து விட்டாச்சு. நூல் அசரல சார்.”

“பின்ன ஏன் எகிறுது?”

சொல்லலாமா என்று யோசித்தாள். சொல்லிவிட்டாள்.

“டீ முடிஞ்சதும் நாம ரவுண்ட்ஸ் போறோம். நீங்க கத்துறீங்க. அவங்க பயப்படுறாங்க.”

மஞ்சுநாத் முறைத்தார். பிறகு சிரித்தார்.

“ஓகோ, நான்தான் கோளாறா? சரிம்மா. நாளைக்கு நான் வரல. நீ மட்டும் போ, பார்ப்போம்.”

மறுநாள் ஜீவிதா தனியாகப் போனாள். யாரையும் அதட்டவில்லை. எப்போதும் போலச் சிரித்தபடி மெஷின் மெஷினாக நடந்தாள்.

டேப்லெட்டைப் பார்த்தாள். கோடுகள் நேற்றைவிட உயரமாக எகிறியிருந்தன.

பக்கத்தில் ஹனூர்க்கார வடிவு நூல் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“என்னக்கா இது? அவர்தான் வரலையே. நான் உங்களை ஒரு வார்த்தை திட்டியிருக்கேனா?”

வடிவு கையை நிறுத்தவில்லை.

“அவரு கத்துவாருங்க மேடம், கத்திட்டு அங்கயே மறந்துருவாருங்க. நீங்க சிரிச்சுட்டே பார்த்துட்டுப் போவீங்க. மேல போயி என்னமோ சொல்லுவீங்க. போன மாசம் நாச்சம்மாக்காளையும் இப்படித்தானுங்க சிரிச்சுப் பார்த்தீங்க. அடுத்த நாள் அவளை வேலை இல்லைன்னு கேட்டுலயே நிறுத்திப்போட்டாங்க.”

ஜீவிதாவின் போன் அடித்தது. மஞ்சுநாத்.

“ஏனாயித்து? கோடு அடங்குச்சா?”

அவள் வடிவுக்கு முதுகைத் திருப்பிக்கொண்டாள்.

“இல்ல சார். நீங்க சொன்னதுதான் சரி. கோளாறு நூல்லதான்.”