ஒரு எழுத்து பிசகாமல்

“பைஃபோகலோ, கோடு தெரியாத ப்ரோக்ரஸிவோ, ஏதாவது ஒரு கண்ணாடி எழுதிக் கொடுங்க டாக்டர். பேப்பரை ஒரு முழம் தள்ளிப் பிடிச்சுதான் படிக்கிறார்” என்றாள் மனைவி.

“எனக்கென்ன வயசா ஆயிடுச்சு?” என்று சிலிர்த்துக்கொண்டார் கணவர்.

கண் டாக்டர் டிராயரில் துழாவி, ஓர் அட்டையை எடுத்து நீட்டினார். “கடைசி வரி, பொடி எழுத்து. படிங்க.”

“குளத்தில் நான்கு வாத்துகள் நீந்தின” என்றார் கணவர், கடகடவென்று.

“ஒரு எழுத்து பிசகல! இருபது வருஷமா இதே வரியைத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன். உங்களுக்குக் கண்ணாடியே வேண்டாம்.”

மனைவி தன் புதுக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அட்டையை எட்டிப் பார்த்தாள்.

“போன வாரம் நான் படிச்சப்ப பக்கத்துல உட்கார்ந்து மனப்பாடம் பண்ணிட்டார். இவருக்கு ஒண்ணு எழுதுங்க. அப்படியே உங்களுக்கும் ஒண்ணு எழுதிக்குங்க டாக்டர். இது ஃப்ரேம் விலைப் பட்டியல்!”