எதிர் வரிசை

"வாயத் தொறங்கப்பா!"

கன்னத்தை அழுத்திப் பிடித்து விரலை உள்ளே விட்டுத் துழாவினாள். நாக்குக்கு அடியில் இல்லை. பொய்ப்பல் இடுக்கிலும் இல்லை.

விழுங்கிவிட்டார்.

பல்லாங்குழியில் அவர் பக்கத்து ஏழு குழிகளிலும் வெள்ளை மாத்திரையைக் காணோம். ஒரு வாரத்துச் சர்க்கரை மாத்திரை. அத்தனையும் ஒரே காலையில்.

அடுப்படிக்கு ஓடினாள். சீனி டப்பாவோடு திரும்பி, ஒரு கரண்டி அள்ளி அவர் வாயில் திணித்தாள்.

அப்பா சப்புக்கொட்டினார்.

"இன்னைக்கு என்னளா விசேஷம்?"

அவள் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள். மணி போய்க்கொண்டே இருந்தது.

தாத்தா வீட்டை விற்றபோது, யாருக்கும் வேண்டாத சாமான்கள் எல்லாம் அவளிடம்தான் வந்து சேர்ந்தன. எடைக்குப் போட்டுவிடு என்றான் அண்ணன். மனசு வரவில்லை. அண்டா அழுக்குத்துணிக் கூடை ஆனது. நெல் அளந்த படியில் கரண்டிகள் நின்றன. தாத்தாவின் வெற்றிலைச் செல்லத்தில் அப்பாவின் ஊசியும் பஞ்சும்.

பல்லாங்குழி மட்டும் பரணிலேயே கிடந்தது. அப்பா சின்ன வயதில் ஆடிய பலகை. அவருக்கு ஞாபகம் பிசகத் தொடங்கிய பிறகு ஒரு நாள் அதை இறக்கித் தூசி தட்டினாள். அப்போதுதான் உறைத்தது.

பக்கத்துக்கு ஏழு குழி.

வாரத்துக்கு ஏழு நாள்.

சாப்பாட்டு மேசையில் அப்பா உட்காரும் பக்கம் அவர் வரிசை. குழிக்கு மூன்று மாத்திரை. ஒவ்வொரு குழியின் ஓரத்திலும் கிழமையை எழுதி ஒட்டினாள்.

"இன்னைக்கு என்ன கிழமைப்பா? நீங்களே பாத்து எடுங்க."

தினமும் சொன்னாள். ஒரு நாள்கூட அவள் எடுத்துக் கொடுக்கவில்லை. தானாக எடுக்கப் பழக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

தினமும் அவருக்கும் ஒரே பதில்தான்.

"நீ எதுக்குளா இருக்க?"

மணி இன்னும் போய்க்கொண்டிருந்தது.

மின்விசிறிக் காற்றில் பேப்பர் சரிந்து தரையில் விழுந்தது. அப்பா பலகையின் மறுபாதிமேல் விரித்துப் போட்டிருந்த பேப்பர்.

எதிர் வரிசை. அவள் உட்காரும் பக்கம்.

குழிக்கு ஒன்றாக வெள்ளை மாத்திரை.

எண்ணினாள். திரும்ப எண்ணினாள். ஒன்றுகூடக் குறையவில்லை.

போனைத் துண்டித்தாள். நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஏம்ப்பா இப்படிச் செஞ்சீங்க?"

அது கோபமா, அழுகையா, அவளுக்கே தெரியவில்லை.

அவர் உதட்டோரத்துச் சீனியை நக்கிக்கொண்டார்.

"உம் பக்கம் வெறுங்குழியால்லா கெடந்துச்சு. காய் இல்லாம எப்படிளா ஆடுவ?"



மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அவர் வரிசையில் போட்டாள். திங்கள். செவ்வாய். புதன். கடைசிக் குழிவரை போய், கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"இன்னைக்கு என்ன கிழமைப்பா?"

அப்பா பலகையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். இந்த முறை கேட்காமலே வாயைத் திறந்து காட்டினார். ஊட்டச் சொல்லி.

எதிர் வரிசை மறுபடி காலி.

போன வாரம்வரை அதுவும் அவளுடைய மாத்திரைகளால் நிறைந்துதான் இருந்தது. சத்து மாத்திரை என்று அப்பாவிடம் சொல்லிவைத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமைதான் புற்றுநோய் டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, இனி அதைச் சாப்பிட்டும் பலனில்லை, வேண்டாம் என்றார்.