நெருக்கக் காட்சி

புனித வெள்ளிக்கான தொலைக்காட்சி நாடகத்தில் இயேசுவாக நடிக்க, தேவஇரக்கம் வசனம் முழுவதையும் மனப்பாடம் செய்திருந்தான். வேடம் மும்பையிலிருந்து வந்த வெளுத்த பையனுக்குப் போனது. சிலுவையில் கயிறு கட்டினால் கை தடித்துவிடும் என்று அந்தப் பையன் மறுத்துவிட்டான்.

“ஆணியடிக்கிற காட்சிக்கு உங்க கை போதும்ணே” என்றார் இயக்குநர்.

“மூஞ்சி?”

“இந்த மூஞ்சியப் பாத்துச் சனங்க செபிக்குமா?”

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்களும் அவனைப் போலவே கறுப்புதான்.

முழங்கைவரை வெள்ளைப் பூச்சை அப்பி, கையை மரத்தில் கட்டினார்கள். விளக்குச் சூட்டில் பூச்சு வியர்வையோடு சீழ்போல வழிந்தது.

“விரல விரிங்கண்ணே.”

தேவஇரக்கம் கையை இறுக மூடிக்கொண்டான்.

“விரிச்சு விடுங்கடே!”

ரோமச் சேவகர் வேடத்திலிருந்த இருவர் வந்து, அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். கேமரா ஓடிக்கொண்டிருந்தது.